இதையே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு?

பத்துமலைத் தைப்பூசத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அப்பா இருந்தவரை நடக்கவில்லை. 2025 பிப்ரவரி 11-இல் பூசம் வந்தது. ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம். 2023 டிசம்பரிலிருந்து மலேசியா நம்மிடம் விசா கேட்பதில்லை என்பதால் டிக்கெட், தங்கும் அறை, இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் எல்லாமே ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. ஒன்றை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டேன். மலேசியப் பணமான ரிங்கிட்டை வாங்கவில்லை. சனிக்கிழமை அலுவலகம், ஞாயிறு கடை இல்லை. 'அதான் ஏர்போர்ட்லயே மாத்திக்கலாமே' என்ற ஒரு சமாதானம் கையில் இருந்ததால் மனம் உறுத்தவும் இல்லை. அந்தச் சமாதானத்துக்கு விலை எவ்வளவு என்பதை எனக்குச் சொன்னது பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என் அம்மா. வணிகவியல் படித்த எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்பது இன்றுவரை என்னை விடாமல் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விமான நிலையத்துக்குள் நாணய மாற்றுக் கவுண்டர் ஒன்று இருந்தது. 'கமிஷன் கிடையாது' என்று பெரிய எழுத்தில் போர்டு. எங்கள் திட்டம் 30,000 ரூபாயை மாற்றுவது. கவுண்டரில் இருந்த பையன் மரியாதையானவன். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரிங்கிட் 21 ரூபா 60 காசு மேடம். உங்களுக்கு 1,388 ரிங்கிட் வரும்" என்றான். அன்றைக்குக் கூகுளில் காட்டிய விலை 19 ரூபாய் 60 காசை ஒட்டி இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் கூகுளில் காட்டும் விலைக்கு யாருமே தர மாட்டார்கள் என்பதும் தெரியும். இரண்டு ரூபாய்தானே என்று பணத்தை எடுக்கப் பைக்குள் கை விட்டேன்.

அப்போது அம்மா கவுண்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து கேட்டார். "தம்பி, இந்த ஆயிரத்து முன்னூத்தி எம்பத்தெட்டையும் இப்பவே உங்ககிட்டயே திருப்பிக் குடுத்தா எவ்வளவு ரூபா தருவீங்க?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "வாங்குற ரேட் வேற அம்மா. 17 ரூபா 20 காசு." கால்குலேட்டரில் தட்டிக் காட்டினான். 23,873.

அம்மா என்னைப் பார்த்தார். "ஏம்மா, பணம் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள ஆறாயிரம் காணாமப் போவுது. கமிஷன் இல்லைன்னு எழுதியிருக்கே, இது என்ன?"

நகைக் கடையில் அம்மா கேட்கும் கேள்வி அது. நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறேன். கடைக்காரர் செய்கூலி இல்லை, சேதாரம் கம்மி என்று என்ன சொன்னாலும் அம்மா தலையாட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில், "சரி, இதையே நாளைக்கு வந்து திருப்பிக் குடுத்தா எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்பார். அந்தப் பதிலை வைத்துத்தான் கடையை முடிவு செய்வார். பவுன் விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான், கடைக்குக் கடை மாறுவது அந்த இடைவெளி என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். வெளிநாட்டுப் பணமும் விலை கொடுத்து வாங்கும் சரக்குதான் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அதை ஏதோ வங்கிச் சமாச்சாரம், சொல்கிற விலைக்கு வாங்க வேண்டியது என்றே நினைத்திருந்தேன்.

அன்று நாங்கள் 3,000 ரூபாய் மட்டும் மாற்றினோம். 138 ரிங்கிட் வந்தது. இறங்கியதும் பேருந்துக்கும் முதல் வேளைச் சாப்பாட்டுக்கும் அது போதும் என்பது அம்மாவின் கணக்கு. ரசீதில் ஜிஎஸ்டி 45 ரூபாய் என்று தனியாக இருந்தது. அதற்கு அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். நாணய மாற்றில் ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையின் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அந்த மதிப்பின் மேல் 18 சதவீத வரி. 250-க்கு 18 சதவீதம் என்றால் 45. அதாவது மூவாயிரம் மாற்றினாலும் 45 ரூபாய்தான், இருபத்தைந்தாயிரம் மாற்றினாலும் 45 ரூபாய்தான். கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை மாற்றுகிறவர் நாலு தடவை அதைக் கட்டுகிறார். ஒரு முழு லட்சத்துக்கே வரி 180 ரூபாய்தான் என்னும்போது, வரியை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. பெரிய ஓட்டை விலையில் இருக்கிறது.

மீதி 27,000 ரூபாயை இருவரும் பிரித்து வைத்துக்கொண்டோம். ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக விதி இடம் தருகிறது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அங்கே போய் இந்த நோட்டை யாராவது வாங்குவார்களா?

மஸ்ஜித் இந்தியா

கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஜாலான் மஸ்ஜித் இந்தியா வந்துவிடும். துணிக்கடை, பூக்கடை, மசாலா வாசனை, அதற்கு நடுவில் வரிசையாக மணி சேஞ்சர் கடைகள். இந்தத் தொழிலில் நம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸை ஒட்டி சேஞ்ச் ஆலி என்றொரு பழைய சந்து இருந்தது. 1989-இல் இடிக்கப்படும்வரை கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு அங்கே நின்று பணம் மாற்றிக்கொடுத்தவர்களில் அவர்கள்தான் நிறையப் பேர். எந்தப் பட்டமும் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு நாட்டு நோட்டையும் விரல் நுனியில் தடவியே நல்லதா கள்ளதா என்று சொன்ன மனிதர்கள். அந்தத் தொழில் ஞானத்துக்கு நம் ஊரில் யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

நாங்கள் போன கடையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. போர்டில் 100 இந்திய ரூபாய்க்கு அவர் வாங்கும் விலை 5.04 ரிங்கிட், விற்கும் விலை 5.16 ரிங்கிட். இரண்டையும் பக்கம் பக்கமாக, ஒரே அளவு எழுத்தில் எழுதியிருந்தார். அம்மா விடவில்லை. "பாய், நான் ரூபா குடுத்து ரிங்கிட் வாங்கிட்டு, உடனே திரும்ப ரூபா கேட்டா?"

அவர் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டுக் காட்டினார். "இருபதாயிரம் குடுத்தீங்கன்னா 1,008 ரிங்கிட் தருவேன். அதையே திருப்பிக் குடுத்தீங்கன்னா பத்தொம்பதாயிரத்து ஐந்நூறுக்கு மேல தருவேன். நானூத்தி அறுபது, எழுபது ரூபாதாம்மா எனக்கு. அதுலதான் வாடகை, ஆள் சம்பளம் எல்லாம்."

நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நாங்கள் ஏறிய இடத்தில் இதே இருபதாயிரத்துக்கு 925 ரிங்கிட் வந்திருக்கும். 83 ரிங்கிட் வித்தியாசம். அந்தத் தெருவில் வாழையிலைச் சாப்பாடு இரண்டு பேருக்கு மூன்று நாள் சாப்பிடலாம்.

"எப்படிங்க இவ்வளவு கம்மி லாபத்துல கட்டுப்படியாகுது?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் பயணம் முழுக்க அசைபோட்டுக்கொண்டே இருந்தேன். "இங்க ரெண்டு பக்கமும் ஆள் வருதும்மா. ஊருக்குப் போறவங்க ரூபா கேட்டு வர்றாங்க. ஊர்லேருந்து வர்றவங்க ரூபா குடுக்குறாங்க. காலையில நீங்க குடுத்த நோட்டு சாயங்காலம் வேற ஒருத்தர் பையில திருச்சிக்குப் போயிரும். என் டிராயர்ல ரூபா தூங்குறதே இல்ல. நார்வே காசு குடுத்தீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? வாங்குற ஆள் வர்ற வரைக்கும் அது தூங்கும். தூங்குற காசுக்கு நான் விலையை ஏத்தித்தான் சொல்லணும்."

மாற்று விலை எங்கே நியாயமாக இருக்கும் என்ற கேள்விக்கு நான் படித்த எந்தக் குறிப்பும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதில்லை. 'பெரிய கடையில் மாற்று', 'வங்கியில் மாற்று', 'ஊரிலேயே மாற்று', 'போய் மாற்று' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாமே ஏதோ ஒரு பணத்துக்குச் சரி, வேறொன்றுக்குத் தவறு. ஒரு பணத்தைக் கொண்டு வருகிறவரும் கொண்டு போகிறவரும் தினமும் சந்தித்துக்கொள்ளும் தெருவில்தான் அது மலிவு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தினமும் விமானங்கள் பறக்கின்றன. அதனால் திருச்சிக் கடைகளில் ரிங்கிட்டும் சிங்கப்பூர் டாலரும் தூங்குவதில்லை. விமான நிலையக் கவுண்டரிலும் இரண்டு பக்கமும் ஆள் வருகிறார்களே என்று கேட்கலாம். வருகிறார்கள்தான். ஆனால் அங்கே வருகிறவர்களுக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் விசாரிக்க நேரமும் இல்லை, பக்கத்துக் கடையும் இல்லை. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. விலையை அவன் நிர்ணயிக்கவில்லை, கேட்டதும் மறைக்காமல் சொல்லவும் செய்தான். கோபமெல்லாம் அந்தக் 'கமிஷன் கிடையாது' போர்டின் மேல்தான்.

என் கார்டின் கதை

இவ்வளவுக்கும் என்னிடம் ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துச் செலவழிக்கும் அட்டை, ஒன்று இருந்தது. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே அதில் 300 டாலர் ஏற்றியிருந்தேன். பாதுகாப்பானது, விலையை முன்கூட்டியே நிறுத்தி வைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்தக் கார்டில் ரிங்கிட் என்ற பணமே கிடையாது என்பதை நான் கவனிக்கவில்லை. டாலரில் ஏற்றியதை ரிங்கிட்டில் செலவு செய்தால் மூன்றரை சதவீதம் தனியாகப் பிடிக்கிறார்கள். ரூபாயிலிருந்து டாலருக்கு மாறும்போது ஒரு வெட்டு, டாலரிலிருந்து ரிங்கிட்டுக்கு மாறும்போது இன்னொரு வெட்டு. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு ரிங்கிட் எனக்கு 20 ரூபாய் 60 காசை ஒட்டி விழுந்தது. விமான நிலையத்தைவிடப் பரவாயில்லை, பாய் கடைக்குப் பக்கத்தில்கூட வராது. போகிற நாட்டின் பணம் கார்டின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இல்லையென்றால் அந்தக் கார்டு அந்தப் பயணத்துக்கு உதவாது.

சாதாரணக் கடன் அட்டையில் பெரும்பாலும் மூன்றரை சதவீத மார்க்கப், அதாவது மாற்று விலைக்கு மேல் வங்கி போடும் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 4.13 சதவீதம். இந்த மார்க்கப்பே இல்லாத அட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறையாவது வெளிநாடு போகிறவர் அப்படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எதுவாக இருந்தாலும் கடன் அட்டையைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

பினாங்கில் நாங்கள் தங்கிய இடத்தில் நடந்தது வேறு மாதிரி. அறை வாடகை 420 ரிங்கிட். வரவேற்பில் இருந்த பெண் கார்டு இயந்திரத்தை என்னிடம் நீட்டினார். திரையில் இரண்டு வரி. ஒன்றில் 420 ரிங்கிட். இன்னொன்றில் 8,820 இந்திய ரூபாய், அதன்மேல் ஏற்கெனவே அம்புக்குறி. "உங்க ஊர்ப் பணத்துலயே இருக்கு மேடம், ஈசியா இருக்கும்" என்றார். கடல் கடந்து வந்த இடத்தில் ரூபாயைப் பார்த்ததும் ஒரு சொந்தம் தோன்றுகிறது, விரல் தானாகவே அதை அழுத்தப் போகிறது. ஆனால் அன்றைய விலைக்கு 420 ரிங்கிட் என்பது 8,230 ரூபாய்தான். ரூபாயில் பார்க்கும் வசதிக்காக 590 ரூபாய், ஏழு சதவீதம். அந்த மாற்று விலையைப் போடுவது நம் வங்கி இல்லை, அந்தப் பக்கத்து இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள். ரூபாயில் கட்டிவிட்டதால் நம் வங்கி சும்மா இருக்கும் என்றும் இல்லை. வெளிநாட்டுக் கடை என்பதற்காகவே சில வங்கிகள் அதன்மேலும் ஒரு கட்டணம் போடுகின்றன. உள்ளூர்ப் பணத்தில்தான் கட்டுவேன் என்று சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு வார்த்தைகளில் வரும். அங்கேயும் பதில் இதுதான்.

எதிர்வீட்டு அலமாரி

புறப்படுவதற்கு முந்தின வாரம் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டு அக்காவின் மகன் ஜொகூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். வீட்டு அலமாரியில் 800 ரிங்கிட் கிடக்கிறது, 19 ரூபாய்க்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அக்கா பிரியமாகச் சொன்னார். இரண்டு பேருக்குமே லாபம். நான் வேண்டாம் என்றேன். இந்தியாவில் வெளிநாட்டுப் பணத்தை ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவரிடம்தான் வாங்கலாம், விற்கலாம். பக்கத்து வீடுதானே என்றாலும் விதி விதிதான். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். "உங்கப்பா மாதிரியே பயப்படுற" என்றார்.

அப்பாவின் பயம் வேறு காலத்துப் பயம். 1973-இல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இது ஜெயில் விவகாரம். 2000 ஜூனில் அது போய், அபராதத்தோடு நிற்கும் இன்றைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அப்புறமும் அப்பா வீட்டில் ஒற்றை டாலர்கூட வைத்திருக்க மாட்டார். இன்றைக்கு, திரும்பி வந்த பிறகு 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வீட்டில் வைத்துக்கொள்ளவே அனுமதி இருக்கிறது. அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போகும்போது பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக எடுத்துப்போகலாம், மீதியைக் கார்டில். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த வரம்புகளில் எதுவும் இடிக்காது. ஆனால் அந்தப் பழைய பயம் இன்னும் ஒரு கெடுதல் செய்கிறது என்று நினைக்கிறேன். நாணய மாற்றுக் கடையில் நிற்கும்போது ஏதோ அரசாங்க அலுவலகத்தில் நிற்பதுபோல் கைகட்டி நிற்கிறோம். கத்தரிக்காய் வாங்கும்போது மூன்று கடை ஏறி இறங்குகிறவர்கள் இங்கே ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

ஊர் திரும்பியதும் கையில் 230 ரிங்கிட் மிச்சம். திருச்சியில் நாலு கடைக்குப் போன் போட்டேன். வாங்குவது எவ்வளவு, விற்பது எவ்வளவு என்று இரண்டையும் கேட்டேன். ஒரு கடையில் விற்பது 20 ரூபாய், வாங்குவது 19 ரூபாய் 20 காசு. இன்னொரு கடையில் இடைவெளி இரண்டு ரூபாய்க்கு மேல். ஒரே ஊர், ஒரே நாள். முதல் கடையில் கொடுத்தேன். ஒரு ரிங்கிட் நோட்டு ஒன்றை மட்டும் அம்மா கொடுக்க விடவில்லை. அதில் பட்டம் ஒன்று வரைந்திருக்கும், நிலாப் பட்டம். அது பூஜை அறையில் இருக்கிறது.

நவம்பரில் தம்பி ஜப்பானுக்குப் போனான். இந்த முறை அம்மா கேட்பதற்கு முன்னால் நானே கடைக்காரரிடம் யென்னுக்கு இரண்டு விலையும் கேட்டேன். விற்பது 62 காசு, வாங்குவது 53 காசு. ரிங்கிட்டுக்கு நல்ல விலை சொன்ன அதே கடை. திருச்சியில் யென் தூங்கும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தம்பியிடம் மார்க்கப் இல்லாத டெபிட் கார்டு இருந்தது. அங்கேயே எடுத்துக்கொள், ஒரே தடவையாக எடு, ரூபாயில் கணக்குக் காட்டினால் மறுத்துவிடு என்றேன். ஒசாகாவில் செவன் இலெவன் கடைக்குள் இருக்கும் ஏடிஎம்மில் 30,000 யென் எடுத்தான். எல்லாக் கட்டணமும் சேர்த்து 17,300 ரூபாய்க்குள் முடிந்தது. இங்கே வாங்கியிருந்தால் 18,600.

எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். ராத்திரி வீடியோ அழைப்பில் அம்மா அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மிச்சம் வந்தா அதை இங்க யாருடா திருப்பி வாங்குவா?"

நோட்டையெல்லாம் அவன் செலவழித்துவிட்டுத்தான் வந்தான். 500 யென் காசு இரண்டு மட்டும் சட்டைப் பையில் தங்கிவிட்டது. ஒவ்வொன்றும் நம் பணத்தில் 280 ரூபாய்க்கு மேல். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தார். கடைக்குப் போன் போடச் சொன்னார். காசு எடுப்பதில்லை, நோட்டு மட்டும்தான் என்றார்கள். இரண்டு காசையும் ஒரு சின்ன மஞ்சள் துணியில் முடிந்து பட்டம் போட்ட நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்து ஜப்பான் போகிறவர் யாராவது தெரிந்தவர்களில் இருக்கிறார்களா என்று அம்மா இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார். விற்பதற்கு அல்ல, போகிறவர் கையில் சும்மா கொடுத்தனுப்ப.